வாட்டர் பெட்: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது?

வாட்டர் பெட்டில் வரும் புகார்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில் முடிந்துவிடும்: தண்ணீர் மட்டம், உள்ளே சிக்கிய காற்று, தண்ணீரின் சூடு. ஓட்டையும் ஹீட்டர் பழுதும் அதற்கு அடுத்த வரிசைதான். ஆனால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது ஓட்டையைத்தான். கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் இந்த மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்.

சில புகார்கள் பழுதே அல்ல, அந்த மெத்தையின் சுபாவம். அதைச் சரிசெய்கிறேன் என்று மல்லுக்கட்டுவது வீண். அப்படிப்பட்ட இடங்களில் அதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறோம்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

மரச்சட்டத்துக்குள் வினைல் பை உட்கார்ந்திருந்தால் அது ஹார்ட்சைடு. பைக்கும் மரத்துக்கும் நடுவே லைனர் என்ற இன்னொரு பிளாஸ்டிக் விரிப்பு தொட்டிபோல இருக்கும். பை ஒழுகினால் தண்ணீரைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். சுற்றிலும் ஃபோம் சுவர், மேலே ஜிப் வைத்த உறை, பார்க்கச் சாதாரண மெத்தை மாதிரி இருந்தால் சாஃப்ட்சைடு. அதிலேயே ஒரே பைக்குப் பதில் நீளக் குழாய்கள் அடுக்கியிருந்தால் டியூப் வகை. படுக்கைப் புண் வராமல் இருக்க நோயாளியின் கட்டிலில் மெத்தைமேல் விரிக்கும் தண்ணீர் விரிப்பு வேறு சாமான். காற்று, ஒழுகல், ஒட்டு பற்றிச் சொல்வது மட்டும் அதற்கும் பொருந்தும்.

கணக்குகளுக்கு ஒரு அளவை எடுத்துக்கொள்வோம்: 152 × 213 செ.மீ., 23 செ.மீ. ஆழமுள்ள ஹார்ட்சைடு. அதில் சுமார் 740 லிட்டர் பிடிக்கும், அதாவது 740 கிலோ. மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 32 லிட்டர் குறைந்திருக்கிறது என்று பொருள். இந்த 32-ஐ நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இடுப்பு பலகையில் தட்டுகிறது. அல்லது காலையில் முதுகு பிடித்துக்கொள்கிறது

மட்டம்தான் காரணம். தண்ணீர் குறைந்தால் கனமான இடுப்பு அடிப்பலகையைத் தொடும், தலையும் காலும் தூக்கிக்கொள்ளும். கூடினால் மேல் வினைல் முரசுத் தோல்போல இறுகி, உடல் உள்ளே அமிழாமல் மேலேயே நிற்கும்; புரண்டால் ஓரத்துக்கு உருட்டிவிடும். இரண்டிலுமே முதுகு வலிக்கும். வலியை மட்டும் வைத்துத் தண்ணீரைக் கூட்டவோ குறைக்கவோ போகாதீர்கள், அளந்து பாருங்கள்.

போர்வைகளை எடுத்துவிட்டு, நேரான மரச்சட்டம் ஒன்றை இரண்டு பக்கப் பலகைகளின் மேல் குறுக்காக வையுங்கள். மெத்தை அதை லேசாகத் தொட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு விரல் கனம் கீழே இருக்க வேண்டும். சட்டத்தைத் தூக்கிவிடும் அளவுக்கு வினைல் மேலே முட்டினால் தண்ணீர் அதிகம். சாஃப்ட்சைடில் இதே சோதனையை ஃபோம் ஓரத்தின் மேல் செய்யலாம். ஆனால் ஓர ஃபோம் பழசாகி அமுங்கியிருந்தால் அளவு ஏமாற்றும்.

அடுத்தது ஆள் படுத்துப் பார்க்கும் சோதனை. தினமும் இரண்டு பேர் படுக்கும் மெத்தையில் இரண்டு பேரும் படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஒருக்களித்துப் படுங்கள்; கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகெலும்பு நேராக ஓடுகிறதா என்று மூன்றாமவர் ஒருவர் பின்னாலிருந்து பார்க்கட்டும். நடுவில் தொய்ந்தால் தண்ணீர் போதாது. கூட்டுவதும் குறைப்பதும் ஒரு தடவைக்கு 20 லிட்டர், அதற்கு மேல் வேண்டாம். அது 6 மில்லிமீட்டர் மாற்றம். ஒரு ராத்திரி தூங்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரேயடியாக 100 லிட்டர் ஊற்றிவிட்டு மறுநாள் பாதியை எடுப்பவர்கள்தான் இந்த விஷயத்தில் அதிகம் அலைகிறார்கள்.

கழுத்து மட்டும் வலித்தால் தண்ணீரைத் தொடாதீர்கள், தலையணையை மாற்றுங்கள். தோள் நன்றாக அமிழ்வதால் பழைய கனத்த தலையணை இங்கே அதிகம்.

ஒருவர் கனம், ஒருவர் லேசு என்றால் ஒற்றைப் பையில் இதற்குத் தீர்வே கிடையாது. கனமானவர் தாழ்ந்தால் இடம்பெயரும் தண்ணீர் மற்றவரைத் தூக்கத்தான் செய்யும். நடுவில் ஃபோம் தடுப்பு வைத்த இரட்டைப் பைக்கு மாறினால் அவரவருக்கு அவரவர் மட்டம், அவரவர் சூடு. இரட்டைப் பையில் நடுவில் மேடு தட்டினால், ஏதோ ஒரு பையில் தண்ணீர் அதிகமாகித் தடுப்பின் மேல் ஏறியிருக்கிறது.

சளசளவென்று சத்தம்

காற்று. புதிதாக நிரப்பிய மெத்தையில் இது வந்தே தீரும். குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று, தண்ணீர் சூடேற ஏறப் பிரிந்து மேலே குமிழாகச் சேரும். அதனால் நிரப்பிய அன்றே காற்றை எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. சூடு நிலைக்கு வந்த பிறகு இன்னொரு தடவை, ஒரு வாரம் கழித்து மற்றொரு தடவை எடுங்கள்.

வால்வைத் திறக்காமல், வழவழப்பான உருண்டைக் கட்டை ஒன்றை மெத்தையின் குறுக்கே படுக்க வைத்து, ஒரு கோடியிலிருந்து வால்வை நோக்கி மெதுவாகத் தள்ளிக்கொண்டே வாருங்கள். குமிழ்கள் ஒன்றுசேர்ந்து வால்வடியில் புடைக்கும். வால்வைச் சுற்றியுள்ள வினைலை இரண்டு விரலால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறந்து, உள் அடைப்பானையும் எடுங்கள். பக்கத்தில் உள்ளங்கையால் அழுத்தினால் காற்று புஸ்ஸென்று வெளியேறும். தண்ணீர் விளிம்புக்கு வந்தவுடன் அடைப்பானைச் செருகி மூடியைத் திருகுங்கள். ஃபைபர், அதாவது அலையை அடக்கப் பைக்குள் வைக்கும் பஞ்சு அடுக்கு, உள்ள மெத்தையில் குமிழ் அந்தப் பஞ்சுக்குள் மாட்டிக்கொள்ளும். அங்கே கட்டை போதாது, கையால் தட்டித்தட்டி நகர்த்த வேண்டும்.

மாதக்கணக்கில் ஆன மெத்தையில் காற்று எடுக்க எடுக்கத் திரும்ப வருகிறதா? அது கரைந்த காற்று இல்லை. உள்ளே கிருமி வளர்ந்து வாயுவை உண்டாக்குகிறது. ‘நாற்றம்’ பகுதிக்குப் போங்கள்.

அலை அடங்க மாட்டேன் என்கிறது

ஃபைபர் இல்லாத வெறும் தண்ணீர்ப் பையில் ஒருவர் புரண்டால் 15, 20 விநாடி அலை அடிப்பது இயல்பு. இதற்கு மருந்து இல்லை. ஓரளவு ஃபைபர் உள்ள மெத்தையில் சில விநாடியில் அடங்கும், அடர்த்தியாக அடுக்கிய வகையில் உடனே அடங்கும். அசைவை விரும்பி வாங்குபவர்களும் உண்டு. விரும்பாதவர்கள் பையை மாற்றினால் போதும், கட்டிலை மாற்ற வேண்டியதில்லை. முன்பு அடங்கிக்கொண்டிருந்தது, இப்போது அடங்கவில்லை என்றால் மட்டும் பழுது என்று கொள்ளுங்கள்: தண்ணீர் குறைந்திருக்கிறது, அல்லது ஃபைபர் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது.

ஒரு பக்கம் மட்டும் மேடு

ஒதுங்கிய ஃபைபர்தான். அடிக்கடி நடப்பது, காலி செய்த மெத்தையை மூலையைப் பிடித்து இழுத்து நகர்த்தியதால். ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நன்றாகத் தொளதொளக்கும் வரை தண்ணீரை இறக்குங்கள். இரண்டு பேர் எதிரெதிர் மூலைகளில் வினைலோடு சேர்த்து ஃபைபரைக் கொத்தாகப் பிடித்து, அதன் இடத்துக்கு இழுத்துவிட்டு, பிடியை விடாமல் மறுபடி நிரப்பத் தொடங்குங்கள். ஃபைபர் அடுக்குகள் பைக்குள் கட்டப்பட்டிருந்து, அந்தக் கட்டு அறுந்திருந்தால் எத்தனை தடவை இழுத்தாலும் திரும்ப ஒதுங்கும். அப்போது பையை மாற்றுவதுதான் வழி.

படுத்தால் குளிர்கிறது

தோலின் சூடு சுமார் 33 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த 740 லிட்டர் தண்ணீர் ராத்திரி முழுவதும் உடம்பிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். போர்வை மேலே எத்தனை போட்டாலும் கீழிருந்து குளிரும். வழக்கமான அளவு 28 முதல் 30 டிகிரி.

நிரப்பி ஒரு நாள்தான் ஆகிறது என்றால் பொறுங்கள். 15 டிகிரித் தண்ணீரை 29-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 12 யூனிட் மின்சாரம் தேவை. 300 வாட் ஹீட்டருக்கு அது 40 மணி நேர வேலை, வழியில் இழக்கும் சூட்டைச் சேர்க்காமலே. நிரப்பும்போதே வெதுவெதுப்பான தண்ணீர் கலந்தால் காத்திருப்பு குறையும். மெத்தையைக் கனமான போர்வையால் மூடியே வையுங்கள். சூடு போவது பெரும்பாலும் மேற்பரப்பு வழியாகத்தான். மின்சாரச் செலவைக் குறைக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

இரண்டு நாளைக்கு மேலும் குளிர்ந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

1. தெர்மோஸ்டாட் திருகின் எண்ணை நம்ப வேண்டாம். சாதாரண தெர்மாமீட்டரை மெத்தைக்கும் மடித்த போர்வைக்கும் நடுவில் ஒரு மணி நேரம் வைத்து உண்மையான சூட்டைப் படியுங்கள். பல சமயம் திருகு 2, 3 டிகிரி தப்பாகக் காட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் விஷயம்.

2. தெர்மோஸ்டாட்டுக்குச் சூட்டைச் சொல்லும் சென்சார் எங்கே இருக்கிறது? மெத்தைக்கு அடியிலுள்ள ஹீட்டர் தகட்டின் மேலோ ஒட்டியோ இருந்தால், அது தகட்டின் சூட்டைத் தண்ணீரின் சூடு என்று எடுத்துக்கொண்டு சீக்கிரமே மின்சாரத்தை நிறுத்திவிடும். தகட்டை விட்டுத் தள்ளி, லைனருக்கு அடியில், மெத்தையின் எடை நன்றாக அழுந்தும் இடத்தில் இருக்க வேண்டும்.

3. பிளக்கை எடுத்துவிட்டு, தகட்டின் வயர் தெர்மோஸ்டாட்டிலிருந்து கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றி, மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 230 வோல்ட்டில் 300 வாட் தகடு சுமார் 175 ஓம் காட்டும். 120 வோல்ட் வகை 48-ஐ ஒட்டிக் காட்டும். முடிவிலி காட்டினால் உள் கம்பி அறுந்துவிட்டது, தகட்டை மாற்றுங்கள். அளவு சரியாக இருந்தால் குறை தெர்மோஸ்டாட்டில்.

தகடு வேலை செய்கிறதா என்று வெளியே எடுத்துப் பிளக்கில் செருகிப் பார்ப்பது ஆபத்து. சூட்டை இழுத்துக்கொள்ளத் தண்ணீர் மேலே இல்லாவிட்டால் தகடு கருகிவிடும். நிரப்புவதற்கு முன் ஹீட்டரைப் போடக் கூடாது, காலி செய்வதற்கு முன் பிடுங்கிவிட வேண்டும் என்பதற்கும் இதே காரணம்தான். ஹார்ட்சைடு ஹீட்டரைச் சாஃப்ட்சைடில் போடுவதும் கூடாது. அங்கே குறைந்த வாட் தகடுதான் பொருந்தும்.

வெயில் காலத்தில் ஹீட்டரை அணைத்துவிட்டால் மெத்தை குளுகுளுவென்றாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு: தண்ணீர் அறையின் சூட்டைத்தான் பிடிக்கும், மெல்லப் பிடிக்கும். அறை 34 டிகிரி என்றால் சில நாளில் மெத்தையும் 34-ஐ நெருங்கும். ஹீட்டர் உண்டு, குளிர்விப்பான் இதில் இல்லை.

சூடு ஏறிக்கொண்டே போகிறது

சென்சார் நழுவி வெளியே தொங்கினால், அறைக்காற்றைத் தண்ணீர் என்று நினைத்து ஹீட்டரை நிறுத்தவே விடாது. அதைச் சரியான இடத்தில் வைத்த பிறகும் சூடு 32 டிகிரியைத் தாண்டினால் தெர்மோஸ்டாட்டின் உள்முனை ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிரித்துப் பார்க்காமல் புதிது வாங்குங்கள். தகடு மடிந்திருந்தாலும், அதன் மேல் லைனர் சுருக்கம் விழுந்திருந்தாலும் அந்த ஒரு கோட்டில் மட்டும் சூடு தேங்கி வினைலைப் பொசுக்கும்.

ஹீட்டரைப் போட்டவுடன் மின்கசிவு பிரேக்கர் விழுகிறதா? தகட்டின் உறை போய்விட்டது. உலர்த்திப் பார்ப்பது, டேப் சுற்றுவது எதுவும் உதவாது. 30 மில்லிஆம்பியர் மின்கசிவு பிரேக்கர் இல்லாத இணைப்பில் வாட்டர் பெட் ஹீட்டரைப் போடவே கூடாது என்பது எங்கள் கட்சி.

மெத்தைக்கு அடியில் ஈரம்

முதல் வேலை, உலர்ந்த கையால் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்குவது. பிளக் பாயின்ட்டே நனைந்திருந்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள்.

பிறகு ஓட்டைதானா என்று உறுதி செய்யுங்கள். மெத்தை அறையைவிடக் குளிர்ந்திருந்தால் காற்றின் ஈரம் வினைல்மேல் வியர்த்து லைனரில் சேரும். ஹீட்டரை அணைத்து வைத்த வீடுகளில் இது சகஜம். லைனரில் உள்ள தண்ணீரைத் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். கண்டிஷனர் (கிருமி வளராமல் இருக்க ஊற்றும் மருந்து) கலந்த மெத்தைத் தண்ணீர் பெரும்பாலும் வழுவழுக்கும், சின்ன பாட்டிலில் குலுக்கினால் நுரைக்கும். வியர்த்த தண்ணீர் வெறும் தண்ணீராக இருக்கும். வீட்டில் நாய் பூனை இருந்தால் மூன்றாவது சாத்தியமும் உண்டு, அதை மூக்கே சொல்லிவிடும்.

மட்டத்தையும் பாருங்கள். 1 செ.மீ. இறங்கியிருந்தால் 32 லிட்டர் எங்காவது இருந்தாக வேண்டும். லைனர் காய்ந்து கிடக்கிறது, மட்டம் மட்டும் இறங்கியிருக்கிறது என்றால் ஓட்டை இல்லை. புது வினைல் முதல் சில வாரங்களில் சூட்டில் நீண்டு கொடுத்திருக்கும், சிக்கிய காற்று வெளியேறியிருக்கும், அல்லது பக்கப் பலகை வெளியே பிதுங்கியிருக்கும்.

ஓட்டை என்று உறுதியானால் தேடலை வால்விலிருந்து ஆரம்பியுங்கள். சரியாக உட்காராத அடைப்பானும், மரை ஏறாமல் குறுக்காகத் திருகிய மூடியும்தான் ‘ஒழுகல்’ என்ற புகாரில் முதலிடம். அடுத்து மேற்பரப்பு: துடைத்துக் காயவைத்து, டிஷ்யூ காகிதத்தை வரிசையாகப் பரப்பி, அதன்மேல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போங்கள், ஊசி முனை ஓட்டைகூடக் காகிதத்தில் புள்ளியாக நனையும். அதன் பிறகு பக்கங்கள், மூலைகள், மடிப்புகள். இங்கெல்லாம் இல்லையென்றால் அடிப்பக்கம்தான், காலி செய்தே ஆக வேண்டும். காலி செய்த பையில் கொஞ்சம் காற்றை ஊதி, சோப்புத் தண்ணீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். கண்டுபிடித்தவுடன் இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்; ஒரு நிமிடம் கண்ணை எடுத்தால் மறுபடி தேட வேண்டியதுதான்.

பஞ்சர் ஒட்டுவது

சைக்கிள் டியூபுக்குப் போடும் சொல்யூஷன் ரப்பருக்கானது, வினைலில் நிற்காது. வினைல் பசையும் வினைல் துண்டும் உள்ள கிட் வேண்டும்.

மேற்பரப்பு ஓட்டைக்கு முழுவதும் காலி செய்யத் தேவையில்லை. அந்த இடத்துக்கு அடியில் வேண்டுமென்றே ஒரு காற்றுக் குமிழை நகர்த்தி நிறுத்துங்கள். தண்ணீர் ஓட்டையைத் தொடாது, பசை காயும்வரை இடம் உலர்ந்தே இருக்கும். வேலையே இதில்தான் இருக்கிறது. ஈரத்தில் போட்ட ஒட்டு ஒரு வாரம் தாங்காது.

ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 2.5 செ.மீ. மூடும்படி துண்டை வட்டமாக வெட்டுங்கள். மூலை வைத்து வெட்டினால் அந்த மூலைதான் முதலில் உரியும். பசையை மெல்லியதாகத் தடவி, துண்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி ஒட்டி, மேலே தட்டையான கனம் ஒன்றை 24 மணி நேரம் வையுங்கள். அதுவரை யாரும் படுக்கக் கூடாது, ஹீட்டரும் வேண்டாம்.

இரண்டு தாள்களை இணைத்த மடிப்பில் பிளந்திருந்தால் ஒட்டு தற்காலிகம்தான். மடிப்பு ஒரு இடத்தில் விட்டால் அடுத்த இடமும் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். தலைமாட்டில் வினைல் மஞ்சளாகி விறைத்துப் போயிருந்தாலும் அப்படியே. உடம்பின் எண்ணெயும் வியர்வையும் பட்டுப்பட்டு நெகிழ்ச்சி போய்விடும். மேலே துணி விரிப்பு போட்டு, ஆண்டுக்குச் சில தடவை வினைல் கிளீனரால் துடைத்தால் இது தள்ளிப்போகும். ஒட்டுக்கு உதவும் ஆல்கஹாலைத் தினத் துடைப்புக்கு எடுக்காதீர்கள், அதுவும் வினைலை விறைக்க வைக்கும்.

நாற்றம்

புது வினைல் வாடை சில வாரத்தில் தானாகப் போய்விடும். மூடியைத் திறந்தால் குட்டை நாற்றம் அடிக்கிறது என்றால் கண்டிஷனர் தீர்ந்துவிட்டது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கிருமியும் பாசியும் நன்றாக வளரும். நிரப்பும்போது ஒரு தடவை, பிறகு பாட்டிலில் உள்ளபடி 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு தடவை கண்டிஷனர் ஊற்றுவது விட்டுப்போயிருக்கும். லேசான நாற்றத்துக்கு உரிய அளவு ஊற்றி, மெத்தையை அழுத்தி அழுத்தித் தண்ணீரைக் கலக்கினால் போதும். ஹோஸில் எடுத்துப் பார்க்கும் தண்ணீர் கொழகொழப்பாக வந்தால் முழுவதும் காலி செய்து, புதுத் தண்ணீர், புதுக் கண்டிஷனர். வீட்டு பிளீச்சை ஊற்றாதீர்கள். குளோரின் வினைலைக் கெடுக்கும்.

மூடிக்குள் நாற்றமில்லை, அறை மட்டும் புழுங்கல் வாடை அடிக்கிறது என்றால் அடிப்பலகையில் பூஞ்சை. ஈரம் எங்கிருந்து வந்தது என்று மேலே சொன்னபடி பார்த்துவிட்டுத்தான் பலகையைத் துடைக்க வேண்டும்.

பலகை பிதுங்குகிறது, தரை இறங்குகிறது

23 செ.மீ. தண்ணீர், நீளப் பலகை ஒவ்வொன்றையும் சுமார் 56 கிலோ விசையோடு இரவும் பகலும் வெளியே தள்ளுகிறது. மூலை இரும்புகளின் திருகுகள் தளர்ந்தால் பலகை வளையும், மட்டம் இறங்கும். தண்ணீரைப் பாதியாவது இறக்கிவிட்டு முடுக்குங்கள். முழு எடையில் முடுக்கினால் மரை அறுந்துவிடும்.

தரையைப் பொறுத்தவரை, ஒவ்வொரு செ.மீ. ஆழமும் சதுர மீட்டருக்கு 10 கிலோ. 23 செ.மீ. என்றால் 230 கிலோ, கட்டிலும் ஆட்களும் தனி. வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுற்றளவில் கணக்கிடப்படுபவை. அறையின் மீதி இடம் காலியாக இருப்பதால் பெரும்பாலும் தாங்கிவிடும்; ஆனால் மரத் தளத்திலும் மாடியிலும் பொறியாளரைக் கேட்காமல் வைப்பது சரியல்ல. கட்டிலுக்கு அருகே தரை தொய்வது, கதவு பிடிப்பது, கீழ்வீட்டுக் கூரையில் புது விரிசல், இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே காலி செய்யுங்கள்.

காலி செய்யத் தண்ணீர் வர மறுக்கிறது

ஹோஸின் வெளி நுனி மெத்தையின் அடிப்பலகையைவிடத் தாழ்வாக இருந்தால்தான் தண்ணீர் தானாக இறங்கும். அதே தளத்தின் குளியலறைக்கு விட்டால் உயர வித்தியாசம் கொஞ்சம்தான், பல மணி நேரம் எடுக்கும். மணிக்கு 1000 லிட்டர் இழுக்கும் சின்ன பம்ப் இருந்தால் முக்கால் மணியில் முடியும். நடுவில் நின்றால் ஹோஸுக்குள் காற்று புகுந்திருக்கும், அல்லது உள் நுனியை வினைல் வந்து அடைத்திருக்கும். நுனியைச் சாய்வாக வெட்டி வைத்தால் அடைக்காது. கடைசி 40, 50 லிட்டருக்கு, வால்வுக்கு எதிர்க் கோடியிலிருந்து பையைச் சுருட்டிக்கொண்டு வாருங்கள். ஃபைபர் பையை இழுக்கவே கூடாது, சுருட்டித்தான் தூக்க வேண்டும்.

நிரப்பும்போதும் ஒரு எச்சரிக்கை: ஹோஸ் நுனி மெத்தைத் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்போது குழாய் அழுத்தம் குறைந்தால், கண்டிஷனர் கலந்த தண்ணீர் வீட்டுக் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பி உறிஞ்சப்படும். பின்னோட்டத் தடுப்பு வால்வு போடுங்கள், இல்லையேல் பக்கத்திலேயே நில்லுங்கள்.

பழுது அல்லாதவை

எழுந்திருக்கச் சிரமம், ஓரத்தில் உட்கார்ந்தால் சரிவது: ஹார்ட்சைடில் மாறாது. முழங்கால் வலி உள்ளவருக்குச் சாஃப்ட்சைடு தேவலை, ஓர ஃபோம் தாங்கும். இடம் மாற்ற ஒவ்வொரு தடவையும் காலி செய்ய வேண்டும், அதற்கும் குறுக்கு வழி இல்லை. மறுபக்கம், எடை உடல் முழுவதும் பரவுவதால் எலும்பு முட்டும் இடங்களில் அழுத்தம் குறைவது, உள்ளே பஞ்சில்லாத பையில் தூசிப்பூச்சி தங்க இடமில்லாமல் ஈரத் துணியால் துடைத்துவிட முடிவது, இவை வேறு மெத்தையில் எளிதில் கிடைக்காதவை.

கைக்குழந்தையை மட்டும் இதில் கிடத்தவே கூடாது, பகலில் ஐந்து நிமிடத்துக்குக்கூட. குப்புறப் புரண்டால் முகம் வினைலில் அமிழ்ந்து மூச்சடைக்கும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவிலும் சிக்கிக்கொள்ளலாம். மட்டத்தைக் கூட்டியோ ஃபைபர் வகைக்கு மாறியோ இதைச் சரிசெய்ய முடியாது. குழந்தைக்குத் தனித் தொட்டிலும் கெட்டியான தட்டை மெத்தையும் வேண்டும்.